கணினிப் படிப்பில் சேரும் முன் பாடப் பட்டியலைக் கேளுங்கள்

பிளஸ் டூ முடிவு வந்ததும் வீடுகளில் ஒரே பேச்சுதான். சி.எஸ்.இ. எடுப்பதா, ஐ.டி. எடுப்பதா, ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் எடுப்பதா? பி.எஸ்சி., பி.சி.ஏ. போதாதா? கல்லூரிக்கு ஆள் சேர்ப்பவர்கள் படிப்பின் பெயரையும் வேலைவாய்ப்புச் சம்பளத்தையும் மட்டுமே சொல்கிறார்கள். பிள்ளை எந்தெந்தப் பேப்பரைப் படிக்கப்போகிறது என்று யாரும் சொல்வதில்லை. சில லட்சங்களையும் பல ஆண்டுகளையும் கொடுக்கும் குடும்பம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

பெயர் நெருக்கம், பாடம் வேறு

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கான ரெகுலேஷன் 2021 என்ற பாடத்திட்ட விதியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் ஆகியவை சி.எஸ்.இ., ஐ.டி., ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் மூன்றுக்கும் அடித்தளம். சில இடங்களில் பேப்பரின் பெயர் மட்டும் மாறும்.

அதற்கு மேல் பாதை பிரிகிறது. சி.எஸ்.இ.யில் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், கம்பைலர் டிசைன் இரண்டும் கட்டாயம். ஐ.டி.யில் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் உண்டு, கம்பைலர் டிசைன் கட்டாயப் பாடமல்ல. அதில் வெப் எசென்ஷியல்ஸ், ஃபுல் ஸ்டாக் வெப் டெவலப்மென்ட் ஆகியவற்றுக்கு இடம் தரப்பட்டுள்ளது. ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸில் அந்தக் கோட்பாட்டுப் பேப்பர்கள் இரண்டும் கட்டாயமில்லை. நிகழ்தகவும் புள்ளியியலும், மெஷின் லேர்னிங், டீப் லேர்னிங், பிக் டேட்டா ஆகியவை முன்னுக்கு வருகின்றன.

இந்த வேறுபாட்டின் விளைவு படிப்பு முடியும்போது தெரியும். முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வின் கணினி அறிவியல் தாளில் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், கம்பைலர் டிசைன் இரண்டிலிருந்தும் கேள்வி வரும். வகுப்பில் அவற்றைப் படிக்காதவர் தானாகப் படித்துத்தான் எழுத வேண்டும். 2024 முதல் கேட் தேர்வில் 'டேட்டா சயின்ஸ் அண்ட் ஏ.ஐ.' என்ற தனித்தாள் வந்திருக்கிறது. அது நிகழ்தகவு, லீனியர் அல்ஜீப்ரா, கால்குலஸ் மூன்றையும் நம்பி நிற்கிறது. கணக்கு பிடிக்காது என்பதற்காக ஏ.ஐ. பக்கம் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

பி.எஸ்சி., பி.சி.ஏ. இரண்டும் மூன்றாண்டுப் படிப்புகள். செலவு குறைவு. விரும்பினால் அதன்பின் எம்.சி.ஏ. சேரலாம். அதுவும் 2020-க்குப் பிறகு இரண்டாண்டுப் படிப்பாகிவிட்டது. ஆனால் தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுப்பதால், ஒரே பெயருள்ள பட்டத்தில் கணிதமும் ஆய்வகமும் கல்லூரிக்குக் கல்லூரி மாறுபடும். எங்கே சேர்ந்தாலும், சேரும் ஆண்டுக்குரிய ரெகுலேஷனையே கேட்டு வாங்குங்கள். முந்தைய ஆண்டுப் பட்டியல் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

ஏமாறும் இடங்கள்

முதலாவது, அங்கீகாரம். பி.இ., பி.டெக். படிப்புகளை நடத்தும் கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் (ஏ.ஐ.சி.டி.இ.) அனுமதி வேண்டும். 2024-25 முதல் பி.சி.ஏ.வும் அதன் வரம்புக்குள் வந்துவிட்டது. அனுமதி பெற்ற கல்லூரி, படிப்பு, இடங்களின் எண்ணிக்கை மூன்றையும் ஏ.ஐ.சி.டி.இ. இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

இரண்டாவது, தரச்சான்று. நாக் சான்று கல்லூரிக்கு உரியது. என்.பி.ஏ. சான்று ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. மெக்கானிக்கல் துறை பெற்ற என்.பி.ஏ. சான்று புதிய ஏ.ஐ. துறைக்குச் செல்லாது. குறைந்தது இரண்டு பேட்ச் மாணவர்கள் படித்து முடித்த பிறகே ஒரு படிப்புக்கு அந்தச் சான்று கிடைக்கும். விளம்பரத்தில் முத்திரையைப் பார்த்தால், 'எந்தத் துறைக்கு, எந்த ஆண்டுவரை' என்று கேளுங்கள்.

மூன்றாவது, ஆசிரியர்கள். சிறப்பாகச் செயல்படும் கல்லூரிகளுக்கு ஒரு பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்ற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. 2024-25-இல் நீக்கியது. இடங்கள் பெருகினாலும் 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதம் காக்கப்பட வேண்டும். ஒரே ஆசிரியரைப் பல கல்லூரிகள் தங்கள் ஆசிரியராகக் கணக்கு காட்டியதை 2024-இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தது. பட்டியலில் உள்ள பெயர்களை அங்கே படிக்கும் மூன்றாமாண்டு மாணவரிடம் காட்டி, இவர்கள் வகுப்புக்கு வருகிறார்களா என்று விசாரியுங்கள்.

நான்காவது, பட்டத்தின் பெயர். அரசு வேலைக்கான அறிவிப்பு ஒரு பட்டத்தைக் குறிப்பிட்டிருந்து, கையில் இருப்பது வேறு பெயருள்ள பட்டமாக இருந்தால், இரண்டும் சமம் என்று கூறும் இணைத்தன்மை அரசாணை தேவைப்படும். புதுப் பெயர்ப் பட்டங்களில் சேர்வோர் இதை முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

பணமும் சான்றிதழும்

தமிழ்நாட்டில் நன்கொடை வசூலிப்பதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுக்கும் தொகையைக் கொடுக்காதீர்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடும் கலந்தாய்வு வழியே சேர்வோருக்குத்தான். அவசரப்பட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டினால் இவற்றை இழக்க நேரிடும்.

சேர்ந்த பிறகு வேறு இடம் கிடைத்தால் விலகும் உரிமை உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 அறிவிப்புப்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ முன்பு விலகினால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்க வேண்டும். அதில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய்வரை மட்டுமே பிடிக்கலாம். அதன்பின் கடைசித் தேதிவரை 90 சதவீதம், தேதி கடந்த 15 நாட்களுக்குள் 80, 30 நாட்களுக்குள் 50 சதவீதம் திரும்பும். 30 நாட்களைத் தாண்டினால் எதுவும் கிடைக்காது. பொறியியல் படிப்புகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. தனியே விதி வைத்திருக்கிறது. அது குறிப்பிடும் தேதிக்குள் விலகுவோரிடம் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும். பணத்தைக் காரணம் காட்டி அவற்றை வைத்துக்கொள்ளக் கூடாது.

மறுத்தால் என்ன செய்வது?

விலகும் கடிதத்தைத் தேதியுடன் எழுதி, மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. பதில் வராவிட்டால் கல்லூரியின் மாணவர் குறைதீர்க்கும் குழுவுக்குப் புகார் கொடுங்கள். யு.ஜி.சி.யின் 2023 விதிப்படி அக்குழு 15 வேலைநாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதன் முடிவு நியாயமில்லை என்று பட்டால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளம், ஏ.ஐ.சி.டி.இ.யின் புகார்ப் பிரிவு ஆகியவற்றிலும் பதியலாம்.

நேராக நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்வி ஒரு சரக்கல்ல என்று 2012-இல் பி.டி. கோஷி வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியதைக் காட்டி, கல்விப் புகார் நுகர்வோர் வழக்காகாது என்று கல்லூரிகள் வாதிடுகின்றன. அதனால் குறைதீர்க்கும் குழுவை முதலில் நாடுவதே பாதுகாப்பு.

சேர்க்கை நாளன்று கையில் மூன்று தாள்கள் இருக்கட்டும்: பாடப் பட்டியல், கட்டண விவரம், விலகுவதற்கான கடைசித் தேதி. இவற்றைத் தரத் தயங்கும் கல்லூரியில் பணம் கட்டாமல் திரும்பி வாருங்கள்.