லில்லிக் கொடி இறக்கப்பட்ட கதை: போஸ்னியாவின் தேசியக் கொடி

ஐரோப்பாவில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் நாடு என்றதும் அதன் கொடியில் பிறை இருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். போஸ்னியா ஹெர்ஸகோவினாவின் கொடியில் பிறை இல்லை. நீலத் துணியில் மஞ்சள் நிறச் செங்கோண முக்கோணம்; அதன் சாய்ந்த ஓரத்தை ஒட்டி ஏழு முழு வெள்ளை நட்சத்திரங்கள், மேலும் கீழும் பாதியாக வெட்டப்பட்ட இரண்டு. 2013 கணக்கெடுப்பின்படி மக்களில் பாதிப் பேர் போஸ்னியாக்குகள், அதாவது பெரும்பாலும் முஸ்லிம்கள். அப்படியிருக்க இந்தக் கொடி எப்படி வந்தது?

யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிவதா என்ற வாக்கெடுப்பு 1992 மார்ச் 1 அன்று முடிந்தது. செர்பியர்களில் பெரும்பாலோர் அதைப் புறக்கணித்தார்கள். வாக்களித்தவர்கள் விடுதலையைத் தேர்ந்தெடுத்தார்கள். மே மாதம் புதிய குடியரசு ஒரு கொடியை ஏற்றது. வெள்ளைத் துணியின் நடுவே நீலக் கேடயம், கேடயத்தின் குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைப் பட்டை, அதன் இருபுறமும் மும்மூன்றாக ஆறு தங்க லில்லி மலர்கள். 1377-ல் முடிசூடிய த்வர்த்கோ மன்னரின் கோத்ரோமானிச் வம்சச் சின்னம் இது. உஸ்மானியர்கள் 1463-ல் அந்நாட்டைக் கைப்பற்றுவதற்கு முன்பு ஆண்ட கிறிஸ்தவ மன்னர்கள் அவர்கள். யாருக்கும் உறுத்தாத ஒன்றைத் தேடி எடுத்திருக்கிறார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. (பிறை மார்க்கம் விதித்த சின்னமும் அல்ல. நபி (ஸல்) அவர்களின் கொடிகள் கறுப்பும் வெள்ளையுமாக இருந்ததாகவே ஹதீஸ்களில் வருகிறது.)

போர் அந்தப் பூவின் பொருளை மாற்றிவிட்டது. மூன்றரை ஆண்டுகள் குடியரசின் படை அதை அணிந்தே போரிட்டது; வீரர்களுக்கு வழங்கிய விருதுக்கே 'தங்க லில்லி' என்று பெயர். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களுமாக 8,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவ்வாண்டு டிசம்பர் 14 அன்று பாரிஸில் டேட்டன் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, கிறிஸ்தவ மன்னரின் லில்லி செர்பியர், குரோஷியர் கண்ணுக்கு முஸ்லிம் கொடியாகிவிட்டிருந்தது. அதை ஏற்க மாட்டோம் என்றார்கள்.

புதிய கொடிக்காக வரைந்த மாதிரிகளில் எதிலும் நாடாளுமன்றம் உடன்படவில்லை. ஒப்பந்தத்தை மேற்பார்வையிடும் சர்வதேச உயர் பிரதிநிதியாக இருந்த ஸ்பெயின்காரர் கார்லோஸ் வெஸ்டென்டோர்ப், 1998 பிப்ரவரி 4 அன்று தம் அதிகாரத்தால் இன்றைய கொடியை அறிவித்தார். ஜப்பானின் நாகானோவில் குளிர்கால ஒலிம்பிக் தொடங்க மூன்றே நாட்கள் இருந்தன.

முக்கோணத்தின் மூன்று முனைகள் மூன்று சமூகங்களைக் குறிக்கும், நாட்டின் வரைபடமும் ஏறக்குறைய அதே வடிவம் என்பார்கள். நீலமும் நட்சத்திரங்களும் ஐரோப்பாவுக்காக. ஓரங்களில் வெட்டியிருப்பது வரிசை முடியாமல் தொடர்வதைக் காட்ட. அந்த மண்ணின் வரலாறு இதில் ஒரு துளியும் இல்லை. அதனால்தான் இது தேர்வானது.

இது நியாயமா என்றால், இல்லை என்றே சொல்வோம். தாக்கப்பட்டவரையும் தாக்கியவரையும் ஒரே தட்டில் வைத்த ஏற்பாடு இது. ஆனாலும் ஹுதைபிய்யா நினைவுக்கு வராமல் இல்லை. அங்கே உடன்படிக்கையில் 'அல்லாஹ்வின் தூதர்' என்ற சொல்லையே அழிக்க எதிர்த்தரப்பு கேட்டது. அலீ (ரலி) மறுத்தார்கள். நபி (ஸல்) அவர்களோ தாமே அதை அழித்தார்கள். ஆனால் அது தாமே எடுத்த முடிவு. போஸ்னியர்களுக்கு முடிவெடுத்தவர் வெளிநாட்டு அதிகாரி.

கொடிக்கு அடுத்து வந்த தேசிய கீதத்தில் இன்றுவரை பாடல் வரிகளே இல்லை. இசை மட்டும் ஒலிக்கிறது. செர்பியப் பகுதியான ரெபூப்லிகா ஸ்ர்ப்ஸ்காவில் சிவப்பு, நீலம், வெள்ளைக் கொடி தனியாகப் பறக்கிறது. மார்ச் 1 சுதந்திர தினம் அங்கே கொண்டாடப்படுவதில்லை. அந்த நாளிலும், கால்பந்து மைதானங்களிலும், போஸ்னிய முஸ்லிம்கள் லில்லிக் கொடியை இன்றும் விரித்துப் பிடிக்கிறார்கள்.