வானத்திலும் ஒரு பெரட்டு

பெரட்டில் கிராணியார் ஆள் எண்ணும்போது, நெருங்கி நிற்கும் இருவரை ஒருவராக எண்ணிவிட்டால் ஒருவர் கூலி போய்விடும். வானநூலாரும் இதே தவற்றுக்கு அஞ்சுகிறார்கள்.

அமெரிக்காவின் அரிசோனாவில், கிட் பீக் மலைத் தொலைநோக்கியில் பொருத்திய 'டெசி' என்னும் கருவி 2021இல் விண்மீன் மண்டலங்களைக் கணக்கெடுக்கத் தொடங்கியது. அதில் 5,000 கண்ணாடி இழைகள். ஓர் இழை ஒரு சமயத்தில் ஒரு மண்டலத்தின் ஒளியையே பிடிக்கும். ஈர்ப்பு விசை மண்டலங்களை இழுத்துக் கூட்டம் சேர்க்கிறது. அந்த வேகத்தை அளந்தால், ஐன்ஸ்டீன் 1915இல் சொன்ன ஈர்ப்புக் கொள்கை அவ்வளவு தொலைவிலும் சரிதானா என்று சோதிக்கலாம்.

இடையூறு இங்கேதான். இரண்டு மண்டலங்கள் மிக நெருங்கித் தெரிந்தால், இரண்டு இழைகளை அருகருகே வைக்க இடமில்லை. ஒன்று விடுபடும். அதுவும் எங்கே? கூட்டம் மிகுந்த இடத்தில்! ஆகவே ஈர்ப்பு உள்ளதைவிட மெலிந்ததாகத் தோன்றக்கூடும். எத்தனை இலட்சம் எண்ணினாலும் இப்பிழை கரையாது. ஒரு பக்கம் சாய்ந்த தராசு அல்லவா?

அதனால் ஒரே வானத்தைப் பலமுறை பார்க்கிறார்கள். கணினியில் பொய் வானம் படைத்து, அதையும் இதே முறையில் எண்ணி, எவ்வளவு விடுபடுகிறது என்று அறிகிறார்கள். நமக்குப் பிடித்தது வேறொன்று: கணக்கு முறை முடிவாகும் வரை உண்மை விடையைத் தங்களிடமிருந்தே மறைத்து வைத்தார்கள். தெரிந்தால் கை அந்தப் பக்கம் சாயுமே! 2024 நவம்பரில் வெளியான முடிவில், ஏறக்குறைய 60 இலட்சம் மண்டலங்களின் கணக்கு ஐன்ஸ்டீன் கொள்கையோடு ஒத்திருந்தது.