உப்பு மணியான கதை



பேரையூர்ப் பக்கம் யூரியாவை ‘உப்பு’ என்றுதான் சொல்வோம். முதலாம் ஆண்டு விடுமுறையில் அய்யாவோடு பருத்திக் காட்டுக்கு உப்புப் போடப் போனேன். “ஆலையில இது மொதல்ல கரைசலாத்தான் இருக்கும்” என்று பெருமையாகச் சொன்னேன்.

“தண்ணியா இருந்தத எப்படிடா மணி மணியா உருட்டுறாக?” என்று கேட்டார்.

பதில் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். வெட்கமாகப் போய்விட்டது. பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வழி இரண்டு உண்டு. ஒன்று கோபுர முறை. தூத்துக்குடி ஸ்பிக் முதலான நம் நாட்டு ஆலைகளில் பெரும்பாலும் இதுதான். யூரியா 133 டிகிரி செல்சியஸில் உருகும். உருகியதைக் கோபுரத்தின் உச்சியிலிருந்து துளிகளாகச் சிதறவிட்டால், எதிரே ஏறிவரும் காற்றில் குளிர்ந்து, கீழே சேருமுன் கெட்டியாகிவிடும். மணி பெரும்பாலும் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான்.

மற்றது ஃப்ளூயிட் பெட் முறை. துளையிட்ட தகட்டின்மேல் பொடிமணிகளைப் பரப்பி, அடியிலிருந்து ப்ளோயரால் காற்றை ஏற்றுவார்கள். காற்று மணிகளின் எடையைத் தாங்கும் வேகத்தை எட்டியதும், படுகை முழுவதும் உலைநீர் போலத் தளதளக்கும். 1 சதுர மீட்டரில் 500 கிலோ மணி என்றால், அதைத் தாங்க சுமார் 4,900 பாஸ்கல் அழுத்தம் வேண்டும். அதாவது அரை மீட்டர் தண்ணீரின் அழுத்தம்!

அந்தத் தளதளப்பில் சுமார் 96 சதவீத யூரியாக் கரைசலைத் தெளிப்பார்கள். மணிமேல் படலம் படியும், நீர் ஆவியாகும், படலம் காயும், அதன்மேல் இன்னொரு படலம். ஜீரக மிட்டாயில் சீரகத்தைச் சுற்றிச் சீனி ஏறுகிற மாதிரிதான். 2 முதல் 4 மில்லிமீட்டர் வளர்ந்ததைச் சலித்தெடுப்பார்கள். சிறியது திரும்பவும் படுகைக்கே போகும். பெரியதை நொறுக்கி அனுப்புவார்கள்.

சூட்சுமம் எல்லாம் ஈரத்திலும் சூட்டிலும்தான். தெளிப்பு கூடினால் மணிகள் ஒட்டிக் களியாகி, படுகை அமுங்கிவிடும். சூடு கூடினால் துளி மணியைத் தொடுமுன்பே காய்ந்து தூசியாகிவிடும்.

மாத்திரைக் கம்பெனிகளிலும் இதே படுகைதான். அங்கே மருந்துப் பொடிமேல் பசைக்கரைசலைத் தெளிக்க, புட்டுமாவு பிசிறினாற்போல் குருணை சேரும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் டேல் வுர்ஸ்டர் என்பவர் 1950-களில் இதற்கு வழிகாட்டினார்.

போன பொங்கலுக்கு அய்யாவிடம் எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “அம்புட்டுப் பாடுபட்டுக் காய வச்சத நாமதான் ஈரக்காத்துல அவுத்துப்போட்டுக் கட்டியாக்குறோம்” என்றவர், எழுந்துபோய் மூட்டை வாயை இறுக்கிக் கட்டினார்.

நான் படித்த படிப்புக்கு அதுதான் முதல் மார்க்!