வாய்வழிக் கருத்தடை மாத்திரைகளும் சூலகப் புற்றுநோயும்

வாய்வழிக் கருத்தடை மாத்திரை என்பது கருவுறுதலைத் தடுப்பதற்காகப் பெண்கள் நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து ஆகும். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் ஆகிய இரு இயக்குநீர்களும் (ஹார்மோன்கள்) சேர்ந்தது கூட்டு மாத்திரை எனப்படும். இதனைப் பயன்படுத்திய பெண்களுக்குச் சூலகப் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களை விடக் குறைவாக உள்ளது. மாத்திரையை நிறுத்திப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் இப்பாதுகாப்பு நீடிக்கிறது.

பின்னணி

சூலகங்கள் இடுப்புக் குழியினுள் அமைந்துள்ளதால், அவற்றில் தோன்றும் கட்டி தொடக்கத்தில் வெளியே தெரிவதில்லை. வயிற்று உப்புசம், சிறிது உண்டவுடன் வயிறு நிறைந்த உணர்வு போன்ற அறிகுறிகள் சாதாரணக் கோளாறுகளிலும் காணப்படுகின்றன. இதனால் பெரும்பாலும் நோய் பரவிய பின்னரே கண்டறியப்படுகிறது. ஐக்கிய இராச்சியத்தில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற ஆய்வொன்றின் முடிவு 2021 இல் வெளியானது. அறிகுறி இல்லாதவர்களைக் குருதிச் சோதனை, மீயொலிச் சோதனை ஆகியவற்றால் முன்கூட்டிச் சோதித்தும் இந்நோயால் ஏற்படும் இறப்புகள் குறையவில்லை என அது காட்டியது. ஆகவே நோய் வராமல் தடுக்கும் வழிகள் முக்கியத்துவம் பெறுகின்றன.

செயல்படும் முறை

கபச் சுரப்பியின் (பிட்யூட்டரி) இயக்குநீர்கள் தூண்டுவதால் மாதந்தோறும் சூலகத்திலிருந்து சூல்முட்டை வெளியேறுகிறது. ஒவ்வொரு முறையும் சூலகத்தின் மேற்படலம் கிழிந்து மீண்டும் ஆறுகிறது. திரும்பத் திரும்ப ஏற்படும் இச்சிதைவு புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும் என்னும் கருத்தை எகிப்திய மருத்துவர் மஹ்மூத் ஃபதல்லா 1971 இல் முன்வைத்தார். கூட்டு மாத்திரை சூல்முட்டை வெளியேறுவதைத் தடுப்பதால் இச்சிதைவும் தவிர்க்கப்படுகிறது. மகப்பேறுகளின் எண்ணிக்கை கூடக்கூட இந்நோய் வாய்ப்பு குறைவது இக்கருத்துடன் பொருந்துகிறது. எனினும் சூலகப் புற்றுநோய்களில் பல உண்மையில் கருக்குழாயின் நுனியில் தொடங்குகின்றன எனப் பின்னர் அறியப்பட்டது. எனவே இது மட்டுமே முழு விளக்கமாகாது.

ஆய்வுச் சான்றுகள்

21 நாடுகளில் நடைபெற்ற 45 ஆய்வுகளின் தரவுகளைத் தொகுத்த பகுப்பாய்வு 2008 இல் லான்செட் இதழில் வெளியானது. அதன் முக்கிய முடிவுகள்:

* ஒவ்வொரு 5 ஆண்டுப் பயன்பாட்டுக்கும் நோய் வாய்ப்பு ஏறத்தாழ 20% குறைகிறது. 15 ஆண்டுப் பயன்பாட்டில் இது ஏறத்தாழப் பாதியாகிறது.
* நிறுத்திய பின் காலப்போக்கில் பாதுகாப்பு சற்றுக் குறைந்தாலும், 30 ஆண்டுகளுக்குப் பின்னரும் காணப்படுகிறது.
* வளர்ந்த நாடுகளில் 1000 பெண்களில் 12 பேருக்கு 75 வயதுக்குள் இந்நோய் ஏற்படுகிறது. 10 ஆண்டுகள் மாத்திரை பயன்படுத்தியோரில் இது 8 ஆகும்.
* கோழை சுரக்கும் வகைக் கட்டிகளில் (மியூசினஸ்) பாதுகாப்பு மிகக் குறைவு.

தீங்குகள்

கூட்டு மாத்திரை சிரைகளில் குருதி உறையும் வாய்ப்பைக் கூட்டுகிறது. 35 வயதைக் கடந்த புகைபிடிக்கும் பெண்களுக்கும், ஒளிக்கீற்று போன்ற முன்குறிகளுடன் ஒற்றைத் தலைவலி வருவோருக்கும் இது ஏற்றதன்று. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை கூட்டு மாத்திரைகளைப் புற்றுநோய் உண்டாக்குவன என வகைப்படுத்தியுள்ளது. மார்பகம், கருப்பை வாய், கல்லீரல் ஆகியவற்றின் புற்றுநோய் வாய்ப்பு கூடுவதே இதற்குக் காரணம். சூலகம், கருப்பை உட்படலம் ஆகியவற்றின் புற்றுநோய் வாய்ப்பு குறைவதையும் அதே முகமை ஏற்கிறது. மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றில் கூடும் வாய்ப்பு, மாத்திரையை நிறுத்திய பின் படிப்படியாகக் குறைகிறது.

தடுப்பு மருந்தாகப் பயன்பாடு

இந்நோயைத் தடுப்பதற்காக மட்டும் எல்லாப் பெண்களும் மாத்திரை உட்கொள்ளுமாறு பரிந்துரைக்கப்படுவதில்லை. கருத்தடைக்காகப் பயன்படுத்துவோருக்கு இது கூடுதல் நன்மையாகும். பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 மரபணுக்களில் பிறழ்வு உள்ள பெண்களுக்கும் மாத்திரையால் சூலகப் புற்றுநோய் வாய்ப்பு குறைகிறது. ஆனால் அவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பும் மிகுதி என்பதால், மருத்துவருடன் கலந்து முடிவெடுத்தல் வேண்டும். மகப்பேறு முடிந்தபின் சூலகங்களையும் கருக்குழாய்களையும் அகற்றும் அறுவை மருத்துவமே இவர்களுக்கு மிகுந்த பாதுகாப்பு அளிக்கிறது.