ஏறிப் போக வழியில்லாத மீன்கள்

வாசகர்களே, அடைமழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், லயத்துக்குப் பின்னால் ஓடும் அல்லூற்றை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? செம்மண் கரைந்து தேத்தண்ணீர் நிறத்தில் தண்ணீர் புரண்டு வரும். அந்த வேகத்தை எதிர்த்து, விரல் நீளமுள்ள மீன்கள் கூட்டம் கூட்டமாய் மேலே ஏறிக்கொண்டிருக்கும். தண்ணீர் கீழே இழுக்கிறது. மீனோ மேலே போகிறது. கீழே பெரிய ஆறு இருக்கும்போது, இந்தச் சின்ன வாய்க்காலில் அதற்கு என்ன வேலை?

ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. பதில் ஒரு வரியில் முடிவதல்ல.

மனிதர்களாகிய நமக்கு வேலைக்காடு ஒரு பக்கம், கடைத்தெரு ஒரு பக்கம், ஆஸ்பத்திரி ஒரு பக்கம் இருப்பது போலத்தான் மீனுக்கும். இரை தேட ஓர் இடம், வறட்சியில் ஒதுங்க ஓர் ஆழமான மடு, முட்டையிட வேறோர் இடம். முட்டையிட அது தேடுவது பெரும்பாலும் மேல் ஆறு. கூழாங்கல் நிறைந்த, தெளிந்த, ஓட்டமுள்ள தண்ணீர். சில மீன்களுக்கு மழையில் மூழ்கும் புல்தரையும் சதுப்பும் போதும். குஞ்சுகளுக்கு ஒளிய இடமும் நுண்ணிய இரையும் அங்கேதான் கிடைக்கும். மழையும் நீரின் ஏற்றமும்தான் மீனுக்குப் பஞ்சாங்கம். வெள்ளம் வந்ததும் புறப்பட்டுவிடும்.

இந்தப் பயணத்துக்காகத் தரையில் நடக்கவும் துணிந்த மீன் ஒன்று உண்டு. மலாய்க்காரர்கள் பூயூ என்பார்கள். நம் மூத்தவர்களுக்கு அது பனையேறிக் கெண்டை. காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு உண்டு; செவுள் மூடியில் உள்ள முட்களை ஊன்றி, ஈரப் புல்லில் தவழ்ந்து ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குப் போகும். 1791இல் தரங்கம்பாடியில் இருந்த டால்டோர்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, இந்த மீன் பனைமரத்தின் இடுக்கில் ஏறிக்கொண்டிருந்ததைத் தாம் பார்த்ததாக எழுதி வைத்தார். மரத்தில் ஏறியதோ இல்லையோ, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது!

ஆனால் எல்லா மீனும் பூயூ அல்லவே.

விலாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று பழமொழியில் வைத்து நாம் கேலி செய்கிற அதே விலாங்குதான். அது பிறப்பது ஆழ்கடலில். கண்ணாடி போன்ற குஞ்சாக ஆற்று முகத்துக்கு வந்து, ஆற்றில் ஏறி, பல ஆண்டுகள் நன்னீரில் வளர்ந்து, கடைசியில் முட்டையிடக் கடலுக்கே திரும்பிப் போகும். திரும்பி வருவதில்லை.

ஆற்று இறாலின் கதையும் ஏறக்குறைய இதே போன்றதுதான். ஊடாங் காலா என்று பசாரில் விலை கேட்டாலே நம் கை பின்வாங்குகிறதே, அந்தப் பெரிய இறால்தான். அது வாழ்வது நன்னீரில். ஆனால் அதன் குஞ்சு பொரித்த சில நாட்களுக்குள் உப்புக் கலந்த தண்ணீர் கிடைக்காவிட்டால் செத்துப் போகும். இதைக் கண்டுபிடித்தது எங்கோ சீமையில் அல்ல. நம் பினாங்கில், குளுகோரில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில்! டாக்டர் லிங் என்ற அறிஞர் 1960களின் தொடக்கத்தில் அங்கேதான் இந்த உண்மையைக் கண்டு சொன்னார். இன்று உலகின் பல நாடுகளில் நடக்கும் ஆற்று இறால் வளர்ப்புக்கு அதுவே அடிப்படை. சினை பிடித்த தாய் இறால் ஆற்று முகத்தை நோக்கி இறங்குகிறது. வளர்ந்த குஞ்சுகள் கரையோரமாகத் தத்தி மீண்டும் ஏறி வருகின்றன. தெலுக் இந்தான் பக்கம் தூண்டில் போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும்.

இப்போது பேராக் ஆற்றுக்கு வருவோம். நம் கதையும் அந்த ஆற்றங்கரையில்தான் தொடங்குகிறது. 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அந்த மரத்தின் வம்சம் பெருகியதால்தான் நம் பாட்டன்மார் கப்பலேறினார்கள். ரப்பரும் ஈயமும் வளர வளர, மின்சாரம் தேவைப்பட்டது. ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொடுப்பதற்காகப் பேராக் ஆற்றின் குறுக்கே செண்டரோ அணையைக் கட்டினார்கள். 1930இல் அது வேலை செய்யத் தொடங்கியது. பிறகு 1970களில் மேலே தெமெங்கோர் அணை வந்தது. அதன் உயரம் 127 மீட்டர். 1980களில் இடையில் பெர்சியா, கெனெரிங் அணைகள் வந்தன. ஆக, ஓர் ஆறு, நான்கு பூட்டு.

அணையே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தலைமுறைக்கு மின்விளக்கின் அருமை தெரியும். என்றாலும், அந்த வெளிச்சத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்பதில் தவறில்லை அல்லவா?

அந்த ஆற்றில் தெமொலே என்று ஒரு மீன் உண்டு. உடலில் நீளவாட்டில் கறுத்த கோடுகள். ஒரு மீட்டருக்கு மேல் வளரும். நத்தையையும் சிப்பியையும் தொண்டைப் பற்களால் நொறுக்கித் தின்னும். நம் நாட்டில் பேராக் ஆற்றிலும் பகாங் ஆற்றிலும்தான் அதைப் பார்க்கலாம். வெளியே தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா பக்கம் மேகோங் ஆற்றில் உண்டு. இனப்பெருக்கத்துக்காக ஆற்றில் நெடுந்தூரம் போகும் மீன் இது. அனைத்துலக வாணிபத்தில் விற்கக் கூடாத உயிரினங்களின் முதல் பட்டியலில் 1975ஆம் ஆண்டிலேயே இதன் பெயர் ஏறிவிட்டது. புலியும் ஒராங் ஊத்தானும் இருக்கும் அதே பட்டியல்! புலிக்குப் படம் போட்டு அஞ்சல்தலை உண்டு, பள்ளிப் பாடத்தில் இடம் உண்டு. தெமொலேயை எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

அணை மீனை எப்படிக் கெடுக்கிறது என்று பார்ப்போம். சுவர் தடுக்கிறது என்பது எல்லாருக்கும் புரியும். புரியாதது சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது. அங்கே ஓடிய ஆறு, நிற்கும் ஏரியாகிவிடுகிறது. ஓட்டத்தில் மிதந்து வர வேண்டிய முட்டைகள் அசையாத தண்ணீரில் அடியில் அமிழ்ந்து, சேற்றில் மூச்சடைத்து அழியும். கூழாங்கல் படுகையை வண்டல் மூடிவிடும். தப்பிக் கீழே வரும் குஞ்சு மின்சார நிலையத்தின் சுழலிக்குள் போய்ச் சிக்கலாம். இன்னொன்று: அணையிலிருந்து தண்ணீர் விடுவது மின்சாரத் தேவையைப் பார்த்து. மீனின் பஞ்சாங்கமோ மழையைப் பார்த்து. மழை இல்லாத நாளில் வெள்ளமும், மழைக்காலத்தில் வற்றிய ஆறும் வந்தால் மீன் எதை நம்பும்?

"மீன் ஏணி வைத்தால் போதுமே" என்று படித்தவர்கள் சொல்வதுண்டு. அணையின் ஓரமாகப் படிப்படியாகத் தொட்டிகள் கட்டி, தொட்டிக்குத் தொட்டி கொஞ்சம் கொஞ்சமாக மீன் ஏறிப் போகச் செய்வதுதான் மீன் ஏணி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் துள்ளி ஏறும் சால்மன் மீனுக்காகப் பெயர் பெற்ற ஏற்பாடு அது. நம் பக்கத்து மீன்கள் சால்மன் போலத் துள்ளுகிறவை அல்ல.

இதற்குத் தாய்லாந்தில் ஒரு பாடம் நடந்தது. மேகோங்கில் வந்து கலக்கும் மூன் ஆற்றில், அது கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே, பாக் மூன் என்ற அணையை 1994இல் கட்டி முடித்தார்கள். மீன் ஏணியும் வைத்தார்கள். அது பயன்படவில்லை. அணைக்கு முன் அந்த ஆற்றுப் படுகையில் 265 வகை மீன்கள் பதிவாகியிருந்தன. பிறகு நடந்த கணக்கெடுப்பில் அணைக்கு மேலே 96 வகைதான் கிடைத்தது. அணைகள் பற்றிய உலக ஆணையம் 2000ஆம் ஆண்டில் இதை எடுத்துக் காட்டியது. ஆற்றை நம்பி வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் தொழில் இழந்து, அணையருகே குடிசை போட்டு ஆண்டுக்கணக்கில் போராடின. கடைசியில் 2001இல் அரசாங்கம் மதகுகளைத் திறந்து ஒரு வருடம் அப்படியே விட்டுப் பார்த்தது. மீன்கள் வந்தன! வலையைப் பரணில் போட்டுவிட்டவர்கள் மறுபடி ஆற்றில் இறங்கினார்கள். அதன் பிறகு ஆண்டில் சில மாதங்களாவது திறப்பது என்று முடிவாயிற்று. அந்தச் சில மாதம் போதுமா என்பதில் இன்றும் சண்டை தீரவில்லை. எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்றுதான்: கதவு திறந்ததும் மீனுக்கு வழி மறந்திருக்கவில்லை.

நம் நாட்டிலும் திறந்தே இருக்கும் வழிகள் உண்டு. தெம்பெலிங் ஆற்றில் அணை கட்டும் யோசனை 1970களில் எழுந்தது. கட்டியிருந்தால் தாமான் நெகாரா காட்டில் ஒரு பகுதி நீருக்குள் போயிருக்கும். எதிர்ப்பு வலுத்ததால் அது கைவிடப்பட்டது. அதனால்தான் இன்றும் அந்தக் காட்டில், தஹான் ஆற்றின் லுபோக் தெனோர் மடுவில், கெலா மீன்கள் பயமில்லாமல் மனிதர் காலடியில் நீந்துகின்றன. அங்கே பிடிக்கத் தடை. தங்க நிறச் செதிலும் தடித்த உதடும் கொண்ட கெலா, வெளியே கிலோ நூற்றுக்கணக்கான வெள்ளிக்குப் போகும் மீன்.

சபாவில் கடசான் டூசுன் மக்கள் வேறு விதமாகச் செய்கிறார்கள். அவர்களுடைய முறைக்கு தாகால் என்று பெயர். தடை என்பது பொருள். கிராமமே கூடி ஆற்றைப் பிரித்துக்கொள்கிறது. சிவப்புப் பகுதியில் எப்போதும் பிடிக்கக் கூடாது, மஞ்சளில் ஆண்டுக்கு ஓரிரு முறை, அதுவும் எல்லாரும் சேர்ந்து, பச்சையில் பிடிக்கலாம். மீறினால் ஊர் அபராதம். ரானாவ் பக்கத்து லுவாந்தி கிராமத்தில் இதனால் பெருகிய மீன்கள், தண்ணீரில் காலை விட்டால் கொத்துகின்றன. அதைப் பார்க்கச் சுற்றுப்பயணிகள் காசு கொடுத்து வருகிறார்கள். மாநில அரசாங்கமும் 2003இல் சட்டம் செய்து இந்த முறைக்கு இடம் கொடுத்தது.

"வாத்தியாரே, அணையும் காடும் பெரிய இடத்து விவகாரம், தோட்டத்துக்காரர்கள் நாங்கள் என்ன செய்ய?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கேளுங்கள்.

சென்ற ஆண்டு என் மாணவர்களிடம், "பாட்டி தாத்தா அல்லூற்றில் என்னென்ன மீன் பிடித்தார்கள் என்று கேட்டு வாருங்கள்" என்றேன். விரால், கெளுத்தி, ஆரால், செப்பிலி, பூயூ என்று பெயர்கள் நோட்டுப் புத்தகத்தில் நிறைந்துவிட்டன. ஒரு பாட்டி, வேலை முடிந்து வரும் வழியில் சேலைத் தலைப்பை இருவர் பிடித்து அரித்தால் ராத்திரிக் குழம்புக்குப் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பிள்ளைகளோடு அதே அல்லூற்றில் இறங்கிப் பார்த்தோம். கீழ்ப்பகுதியில் மீன் இருந்தது. மண் சாலைக்கு அடியில் போகும் சிமெண்டுக் குழாய்க்கு மேலே, பூயூவைத் தவிர ஏறக்குறைய ஒன்றும் இல்லை. காரணம் கண்ணெதிரே இருந்தது. குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு முழம் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வருடக் கணக்கில் விழுந்த தண்ணீர் கீழே மண்ணை அரித்துவிட்டது. விரல் நீள மீனுக்கு அந்த ஒரு முழமும் தெமெங்கோர் அணையும் ஒன்றுதான்.

இப்படி எத்தனை குழாய்கள் உங்கள் தோட்டத்தில் இருக்கும்!

குழாய் மட்டுமல்ல. பூச்சி மருந்து, புல் மருந்து அடித்துவிட்டுப் பம்பை எங்கே கழுவுகிறோம்? மருந்தடிக்கும் வேலையில் நம் பெண்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பாராகுவாட் மருந்துக்கு 2020ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து நாட்டில் தடை. மற்ற மருந்துகள் இருக்கின்றன. கழுவிய தண்ணீர் அல்லூற்றில் போனால் முதலில் சாவது மீனுக்கு இரையாகும் பூச்சிகள். அப்புறம் வேறு என்ன மிஞ்சும்? கார் பேட்டரியை முதுகில் கட்டிக்கொண்டு மின்சாரம் வைத்துப் பிடிக்கிற இளைஞர்களும், துபா வேரை நசுக்கி விடுகிற பெரியவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி இரண்டும் குற்றம். பெரிய மீன் கைக்கு வரும். கண்ணுக்குத் தெரியாத குஞ்சும் அதோடு போகும்.

குழாய்க்கு வைத்தியம் எளிது. புதிதாகப் போடுவதானால், அடிப்பாகம் வாய்க்கால் படுகைக்குக் கீழே புதையும்படி அகலக் குழாயாகப் போடச் சொல்லுங்கள். உள்ளே மண்ணும் கல்லும் தானே படியும், மீன் தரையென்றே நினைத்துப் போகும். பழைய குழாயானால், அதன் வாய்க்குக் கீழே ஐந்தாறு அடி தள்ளிப் பெரிய கற்களைக் குறுக்கே அடுக்கி, தண்ணீர் தேங்கிக் குழாயின் வாய் வரை உயரும்படி செய்ய வேண்டும். கற்களுக்கு நடுவே ஓர் இடைவெளி, இரண்டு கை அகலம் போதும். ஒரே உயரமாக வேண்டாம். இரண்டு மூன்று வரிசையாய்ப் படிகள் போல அமைத்தால் நல்லது. தோட்ட நிர்வாகத்திடம் முதலில் அனுமதி கேளுங்கள், சாலை அவர்களுடையது. தண்ணீர் வற்றிய மாதத்தில் இந்த வேலையை முடித்துவிட்டால், அடுத்த மழைக்கு மீன் வரும்போது வழி ஆயத்தமாக இருக்கும்.