வாசலில் எழுதிய விலை

பாரிஸுக்குப் போகிறவர்கள் ஈபிள் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வருவார்கள். வியாபாரியின் கண் கடைகளில்தான் நிற்கும். நான் அங்கு தங்கியிருந்த நாட்களில் அதிகம் கவனித்தது 'பிரஸ்ஸரி' எனப்படும் சாப்பாட்டுக் கடைகளை. பெரும் பணக்காரர்கள் போகும் இடங்களைச் சொல்லவில்லை. தெருமூலையில் இருந்துகொண்டு, அந்தப் பகுதியில் வேலை செய்பவர்களுக்கும் குடியிருப்பவர்களுக்கும் பகலும் இரவும் சாப்பாடு போடும் கடைகளைச் சொல்கிறேன்.

பிரஸ்ஸரி என்றால் பியர் காய்ச்சும் இடம் என்று அர்த்தம். 1870-71 யுத்தத்தில் அல்சாஸ் மாகாணம் ஜேர்மனியின் கைக்குப் போனது. அங்கிருந்து பாரிஸுக்கு வந்தவர்கள் பலர் இத்தகைய கடைகளைத் திறந்தார்கள். இன்று அங்கே பியர் காய்ச்சுவது அபூர்வம். ஆனால் மது பரிமாறுவார்கள். குழம்பிலும் வைன் ஊற்றியிருப்பார்கள்; பன்றி இறைச்சியும் கலந்திருக்கும். நம்மவர்கள் ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். நான் கேட்டேன். வெயிட்டர் முகம் சுளிக்காமல் குசினிக்குள் போய் விசாரித்து வந்து சொன்னார். அவித்த முட்டையும், வெண்ணெயும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துப் பொரித்த மீனும் எனக்குக் கிடைத்தன. இறைச்சியை நான் தொடவில்லை.

சாப்பாட்டை விட என்னைக் கவர்ந்தது அந்தக் கடையின் வாசல். விலைப்பட்டியல் வெளியே, தெருவில் போகிறவருக்குத் தெரியும்படி மாட்டப்பட்டிருந்தது. இது கடைக்காரரின் விருப்பம் அல்ல, அந்நாட்டுச் சட்டம். 1987 ஆம் ஆண்டு முதல் அங்கே எழுதப்படும் விலைக்குள் வரியும் சேவைக் கட்டணமும் அடங்கியிருக்க வேண்டும். 20 யூரோ என்று எழுதியிருந்தால் பில்லிலும் 20 யூரோதான். கீழே இன்னொரு வரியில் எதையும் கூட்ட முடியாது. மேசைக்கு வரும் பாணுக்குத் தனிக் காசு இல்லை. சாப்பிட வந்தவர் கேட்டால் கூஜாவில் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும். மாட்டிறைச்சி எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்பது 2002 இல் வந்த விதி.

இதனால் கடைக்காரருக்கு நட்டம் என்று நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. புதிய கடை வாசலில் நிற்கும் மனிதரின் மனதில் இருப்பது பசி மட்டுமல்ல, பயமும்தான். "உள்ளே போனால் எவ்வளவு ஆகுமோ?" என்ற அந்தப் பயத்தால் எத்தனை பேர் திரும்பிப் போகிறார்கள் என்பதை எந்தக் கணக்குப் புத்தகமும் காட்டாது. வாசலில் விலை இருந்தால் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டுத் துணிந்து உள்ளே வருவார். கணக்குச் சரியாக இருந்தால் நாளையும் வருவார்.

இன்னொரு விடயம், கரும்பலகை. அன்றைய சாப்பாடு என்று ஒன்றை வெண்கட்டியால் எழுதி வைக்கிறார்கள். சந்தையில் எது நன்றாகவும் மலிவாகவும் கிடைத்ததோ அதுதான் அன்றைய கறி. வாடிக்கையாளருக்கு விலை குறைவு, குசினிக்கு வேலை குறைவு, மிஞ்சிக் கொட்டுவதும் குறைவு. கோப்பிக்கும் பல கடைகளில் இரண்டு விலை உண்டு. கவுன்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் கூடுதல் விலை. இரண்டும் எழுதப்பட்டிருப்பதால் யாரும் சண்டை பிடிப்பதில்லை.

மிச்சத்தை முதலாக்குவதும் அந்நகரத்துக்குப் புதிதல்ல. 1850களில் டுவால் என்ற இறைச்சிக் கடைக்காரர், வசதியானவர்கள் நல்ல துண்டுகளை வாங்கிய பின் மிஞ்சிய இறைச்சியை அவித்து, சூப்புடன் சந்தைத் தொழிலாளர்களுக்கு மலிவாக விற்றார். 'புயோன்' எனப்படும் மலிவுச் சாப்பாட்டுக் கடைகள் அப்படித்தான் பாரிஸ் முழுவதும் பரவின. 1896 இல் தொடங்கிய ஷார்த்தியே என்ற புயோனில் இன்றும் வரிசையில் நின்று சாப்பிடுகிறார்கள்.

பாரிஸ் உணவுக் கடைகளின் குசினிகளில் நமது நாட்டுப் பிள்ளைகள் பலர் கோப்பை கழுவி, பிறகு சமையல் பழகி, உழைத்து வருகிறார்கள். விடுமுறையில் ஊருக்கு வரும்போது அவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். சமையல் இரகசியத்தைக் கேட்க வேண்டாம். கடை எப்படி நடக்கிறது என்று கேளுங்கள்.

நமது வியாபாரத்தில் நாணயம் என்று பேசுகிறோம். அதை வாடிக்கையாளர் கடைக்குள் வருவதற்கு முன்பே அறிந்துகொள்ள ஒரு பலகையும் ஒரு வெண்கட்டியும் போதும். சட்டம் வந்து சொல்லும் வரை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.