மாணாக்கரும் உறக்கமும்

தேர்வுக் காலம் நெருங்கினால் நம் இல்லங்களில் ஒரு பேச்சுத் தவறாமல் எழும். "என் மகன் இரவு 12 மணி வரையில் படிக்கிறான், விடியற்காலை 4 மணிக்கு மறுபடியும் எழுந்துவிடுகிறான்" என்று பெற்றோர் பெருமையுடன் கூறுவர். அப்பிள்ளை உறங்கியது நான்கே மணி நேரம் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வரவு செலவைப் பைசா பிசகாமல் எழுதிப் பழகிய கூட்டுறவு அங்கத்தினர்களாகிய நாம் இக்கணக்கையும் ஒருமுறை பார்க்க வேண்டாமா?

13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016ஆம் ஆண்டில் அறிவித்தது. அக்கணக்கின்படி மேற்சொன்ன பிள்ளைக்கு ஓர் இரவில் குறைவது 4 மணி. ஆறு இரவுகளில் 24 மணி. அதாவது ஒரு முழு நாள். ஞாயிறன்று நெடுநேரம் உறங்குவதால் இக்கடன் முழுவதும் தீராது. அன்றிரவு உறக்கம் வரத் தாமதமாகி, திங்கட்கிழமை சோர்வுடனேயே விடியும்.

உறங்கும் நேரம் வீண் நேரமன்று. உடல் வளர்ச்சிக்குரிய சுரப்பு ஆழ்ந்த உறக்கத்தில்தான் மிகுதியாகச் சுரக்கிறது. கற்றது மனத்தில் நிலைபெறுவதும் உறக்கத்தினால்தான். 1924ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர், பொருளற்ற அசைகளை மாணவர் இருவருக்கு மனப்பாடம் செய்வித்துச் சோதித்தனர். விழித்திருந்த பின் கேட்டதைக் காட்டிலும், உறங்கி எழுந்த பின் கேட்டபோதே அதிகமானவை நினைவில் நின்றன. படிப்பது பாவு ஓட்டுவது என்றால், உறக்கமே ஊடை கோத்து அதனைத் துணியாக்குகிறது.

"இரவில் விழிக்கிறான், காலையில் எழ மறுக்கிறான்" என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்கிறோம். இது முற்றிலும் சோம்பலன்று. உறக்கத்திற்கு அறிகுறி காட்டும் மெலடோனின் என்னும் சுரப்பு, இவ்வயதில் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதித்தே சுரக்கத் தொடங்குகிறது. இதனை உணர்ந்தே சியாட்டில் நகரில் 2016ஆம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரத்தைக் காலை 7.50லிருந்து 8.45க்கு மாற்றினர். மாணவர்களின் உறக்கம் நாளொன்றுக்கு 34 நிமிட அளவில் கூடியது.

பள்ளி நேரத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. வீட்டு நேரம் நம் கையில் உள்ளது. பண்டிகைக்கு முன் உருப்படிகளை முடித்துக் கொடுக்க இரவிலும் தறி ஓடவேண்டியிருப்பதை அறிவோம். ஆயினும் தார் சுற்றுதல், மாட்டுக்குத் தீனி வைத்தல் போன்ற சிறு உதவிகளைப் படிக்கும் பிள்ளையிடம் மாலைக்குப் பின் கேட்காதிருப்போம். தறியின் ஓசை எட்டாத இடத்தில் அவனுக்குப் பாய் விரிப்போம். மாலைக்குமேல் தேநீரும் காப்பியும் வேண்டாம். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைபேசி பெரியவர்களிடம் வந்து சேரட்டும். இரவு 10 மணிக்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழும் வழக்கத்தை விடுமுறை நாளிலும் பெரிதும் மாற்றாதிருத்தல் நலம். எழுந்தவுடன் இளவெயிலில் சிறிது நேரம் நிற்பதும் உதவும். பெண் மக்களுக்கும் இவையனைத்தும் பொருந்தும். அடுப்படி வேலைக்காக அவர்களை முன்னதாக எழுப்புவதும் கடனை ஏற்றுவதே.

உறக்கத்தைக் குறைத்துப் படிப்பைக் கூட்ட முயல்வது, விதைநெல்லைக் குற்றி உண்பதைப் போன்றதாகும். அன்றைய பசி தீரும். அடுத்த போகத்திற்கு ஒன்றும் மிஞ்சாது. இன்றிரவே 10 மணிக்கு அவர்கள் விளக்கை நாமே அணைப்போமாக.